பாதி வழியில் நிற்கும் லிஃப்ட்டும் ஜிம் மாஸ்டரின் கடைவாய்ப் பல்லும்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, அப்பாவின் முதுகுவலி, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் ஒற்றை ஜன்னல் அறையும், தரையெல்லாம் சிதறிக் கிடக்கும் உன் பேனாக்களும் அதேபோல இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம், அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டதா என்று நினைப்பாய். கழன்று ரொம்ப நாளாகிறது, அது வேறு விஷயம். போனில் உன் புத்தகக் கடையைப் பற்றி வாயைத் திறந்தாலே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். பெற்ற தாய்க்குக் கட்டைவிரல்! காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கோபத்தில் கிழித்துப் போட்டாலும் பத்து நிமிஷம் கழித்துப் பொறுக்கி எடுத்து, துண்டு துண்டாக அடுக்கி வைத்துப் படிக்கிற ஆள் நீ. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீ அப்படியே நான்.

இந்த மாச ஆரம்பத்தில் நீ சொன்னது காதிலேயே ரீங்காரம் போடுகிறது. "யாருமே படிக்கலம்மா. படிச்ச ஒரே ஒரு ஆளும் சுமார்னு எழுதிட்டாங்க. மாசக் கடைசியில கடையை எடுத்துடறேன், இனிமே எனக்கு ஷாம்பு பாட்டிலே போதும்" என்றாய். அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை, சமாதானம் சொல்லி வைத்திருப்பேன். நீ ரொம்ப சாதாரணமாகச் சொன்னாய், வீட்டில் ஷாம்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. என் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு, உனக்கே தெரியும். பகலில் ஆபீஸில் ஷாம்பு பாட்டிலுக்கு லேபிள் வரைவாள், மிச்ச நேரத்தில் படக்கதை வரைவாள், பதிப்பாளர்கள் யாரும் போட மாட்டேன் என்றதால் தானே அச்சடித்து, தானே மடித்துப் பின் அடித்து, இணையத்தில் தானே கடை வைத்து விற்கிறாள் என்று மூச்சு விடாமல் சொல்வேன். கேட்டவர்கள் "ஓ, ஷாம்புவா, எந்த ஷாம்பு?" என்பார்கள். அது போகட்டும். உன் அப்பாவிடம் வந்து, அவள் கடையை மூடுகிறாளாம் என்றேன். அவர் திரைச்சீலைக் கடையில் நாளெல்லாம் ஜன்னல் அளவு கேட்டுக் கேட்டு, வீட்டில் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை என்று சங்கல்பம் எடுத்தவர். "அவ சொன்னா செய்வா, உன்னை மாதிரி இல்ல" என்று அந்த ஒரு வாக்கியத்தையும் என்னை இடிக்கவே செலவழித்தார்.

சரி, மூடுவதற்கு முன்னால் அந்தக் கடை எப்படித்தான் இருக்கிறது என்று ஒரு வெளியாள் போல உள்ளே போய்ப் பார்ப்போம் என்று அப்பாவும் நானும் மத்தியானம் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடி பெண்ணே, கடையா அது, துக்க வீடா? எங்கே பார்த்தாலும் கறுப்பு. கறுப்பு மேல் சாம்பல் நிறத்தில் எழுத்து. அப்பா கண்ணாடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, கடைசியில் கழற்றியே விட்டார். உன் புகைப்படத்தில் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், பின்னந்தலை மட்டும் தெரிகிறது. எனக்கு அந்தப் பின்னந்தலை பழக்கம், பேன் பார்த்திருக்கிறேன், அதனால் அடையாளம் தெரிந்தது. ஊராருக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று படித்தேன். "பெருநகர வெளியின் செங்குத்து அந்நியமாதலை அசையும் உலோகத்தின் வழி விசாரணை செய்யும் வரைகலைப் பிரதி." படித்ததும் எனக்கு லேசாகத் தலைசுற்றல். மருந்துச் சீட்டோ என்று, இரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களா என்றுகூடத் தேடினேன். அது உயரத்துக்குப் பயப்படுகிற லிஃப்ட்டின் கதை என்று ஓர் இடத்திலாவது சொல்லியிருக்கக் கூடாதா? மூன்றாம் மாடிக்கு மேல் போகச் சொன்னால் நடுங்குகிற லிஃப்ட். ஏழாம் மாடியில் குடியிருக்கிற, பெரிய காதுள்ள ஒரு பெண். அவள் தினம் லிஃப்ட்டுக்குள் நின்று அதைத் தாஜா செய்கிறாள். இதைச் சொன்னால் நானே வாங்குவேனே. வாங்குவதற்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தேடினால் அதில் "பிரதியைக் கையகப்படுத்துக" என்றிருக்கிறது. அப்பா பயந்துபோய் விரலை இழுத்துக்கொண்டார். "நிலத்தைத்தானே கையகப்படுத்துவாங்க, நம்ம வீடு இதுல வருதா?" என்று கேட்டார். ஒருவழியாக அமுக்கினால் பிறந்த தேதி கேட்கிறது, தொழில் கேட்கிறது, பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, வைத்ததும் அது பலவீனமாக இருக்கிறது என்று திட்டுகிறது. படக்கதை வாங்க வந்தவனை எதற்கம்மா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி வைக்கிறாய்? உள்ளே ஒரு பக்கம்கூடப் பார்க்கக் கொடுக்கவில்லை, அட்டை மட்டும். அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "துணியை மடிச்சே வெச்சா எவன் வாங்குவான், நாலு முழம் விரிச்சுக் காட்டணும்" என்றார். எதைக் கேட்டாலும் துணியில் போய் முடிப்பார், ஆனால் இந்தத் தடவை பொருத்தமாக முடித்துவிட்டார்.

நீ சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டு அனுப்பியிருந்தாயே, அதன் கதையையும் கேள், இதுவரை சொல்லாமல் மறைத்திருந்தேன். உன் சித்தப்பா வீட்டில் அது ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, முதல் பாகமும் இரண்டாம் பாகமும் சேர்ந்தால்தான் உயரம் சரியாக வருகிறதாம். உன் மாமா அட்டையை மட்டும் கிழித்து பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். உள்ளே என்ன என்று கேட்டால் "அட்டையே இவ்வளவு அழகா இருக்கு, உள்ள வேற பார்க்கணுமா?" என்கிறார். மிச்சப் பிரதிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. சொந்தக்காரனை நம்பினால் கடை நடக்காது, பல்வலிக்காரனை நம்புவோம் என்று முடிவு செய்து, முதல் பாகத்தை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். என் வேலை உனக்குத் தெரியும். பல் டாக்டர் உள்ளே வாயைத் திறக்கச் சொல்வார், நான் வெளியே வாயை மூடச் சொல்வேன். காத்திருக்கிற அறையில் ஒரு கண்ணாடி மேஜை, சுற்றி நாற்காலிகள், சுவரில் சிரிக்கிற பல் செட் படம். மேஜையில் இருந்த பழைய பத்திரிகைகளை எல்லாம் அலமாரிக்குள் தள்ளிவிட்டு உன் லிஃப்ட்டைப் பரப்பி வைத்தேன். ஒரு பிள்ளை தொடவில்லை. வருகிறார்கள், கன்னத்தில் கையை வைக்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள். ஒரு அம்மாள் மட்டும் ஒன்றை எடுத்தாள், நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டேன், அவள் அதை விசிறியாக வீசிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, வலிக்குமா என்பதல்ல, வைஃபை பாஸ்வேர்டு என்ன என்பதுதான். அந்தப் பாஸ்வேர்டை மாற்றுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? டாக்டருக்கு அதெல்லாம் தெரியாது, பல்லைத் தவிர எதற்கும் வேர் இருக்கிறது என்றே அவர் நம்புவதில்லை. மாற்றிவிட்டேன். அடுத்து வந்தவர் கேட்டதும், "அதுவா, அந்தப் புத்தகத்துல இருக்குங்க. லிஃப்ட்டுக்குள்ள எத்தனை கிலோ ஏத்தலாம்னு ஒரு பலகை வரும், அந்த நம்பரையும் அந்தப் பொண்ணோட கதவு நம்பரையும் சேர்த்துப் போடுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எடுத்தார். நீ அந்தப் பலகையை எங்கேயோ மூலையில் வரைந்திருக்கிறாய், கதவு எண் கடைசிப் பக்கங்களில்தான் வருகிறது, உன் புண்ணியத்தில் அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதாயிற்று. பாதியில் தேடுவதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். லிஃப்ட் கதவைப் பொத்திக்கொண்டு "ஜன்னல் வழியா கீழ தெரியுதா, சொல்லு, தெரியுதா?" என்று அவளிடம் கேட்கிற இடத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு. நான் மேஜைக்குப் பின்னால் குனிந்து, பேனாவைத் தேடுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நம்பர் கிடைத்ததும் வைஃபையைப் போட மறந்தே போனார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் உன் அம்மாவே இல்லை. யாரை எப்போது உள்ளே கூப்பிடுவது என்பது என் கையில்தானே இருக்கிறது? முதல் பாகத்தின் கடைசியில் லிஃப்ட் துணிந்து மேலே கிளம்புகிறதல்லவா, பொத்தான் நாலைத் தொடுகிறது, திருப்பினால் என்ன ஆகிறது என்று தெரியும், சரியாக அந்தப் பக்கத்தைத் திருப்பக் கை போகும்போது "அடுத்தது நீங்கதான், உள்ள வாங்க" என்பேன். "ஒரு நிமிஷம்மா" என்பார்கள். "டாக்டர் வெய்ட் பண்றார்" என்பேன். அவர்கள் திரும்பித் திரும்பி மேஜையைப் பார்த்துக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டுமே, ஸ்கூலில் விட்ட முதல் நாள் நீ என்னைப் பார்த்த மாதிரி இருக்கும். உள்ளே போனால் வாய் நிறையப் பஞ்சு, கேட்கவும் முடியாது. வெளியே வரும்போது பாதி உதடு மரத்து, எச்சில் வழிய, "அந்த லித்து எங்க நின்னுத்து?" என்று நேரே என் மேஜைக்குத்தான் வருவார்கள். நான் முதல் பாகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, முடித்ததும் "இரண்டாம் பாகம் இங்க இல்லீங்க, கடையில இருக்கு" என்று என் போனில் உன் கடையைத் திறந்து காட்டுவேன். கறுப்பைப் பார்த்து மிரள்கிறவர்களை நானே கைபிடித்துக் கூட்டிப்போய், அந்தக் கையகப்படுத்தும் பொத்தானை அமுக்க வைப்பேன். ஒருத்தர் தொழில் என்ற இடத்தில் "பல்வலி" என்று போட்டிருக்கிறார், பார்த்தால் சிரித்துவிடாதே, ரொம்ப வலியில் இருந்தார்.

இப்போது ஜிம் மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அவருக்காகத்தான். நம் கிளினிக்குக்கு அடுத்த கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். கையைப் பார்த்தால் தொடை மாதிரி இருக்கும், தொடையைப் பற்றி நான் எழுதினால் உன் அப்பா கோபித்துக்கொள்வார். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ரூட் கனால் செய்ய வேண்டும், பல தடவை வர வேண்டும். வருவார், உட்காருவார், உள்ளே அந்தச் சின்ன யந்திரம் கொய்யென்று கத்தியதும் "வண்டியை ராங்கா நிறுத்திட்டேன்" என்று எழுந்து ஓடிவிடுவார். அவருக்கு வண்டியே கிடையாது. அன்றைக்கு அப்படி ஓட எழுந்தவர் கையில் உன் புத்தகத்தைத் திணித்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். முடித்ததும் என்னிடம் இரண்டாம் பாகம் கேட்டார், உங்களுக்கு மட்டும் என்று, பஸ்ஸில் நான் படிப்பதற்காக அன்றைக்குக் கொண்டுவந்திருந்த பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லிஃப்ட் முதன்முதலாக ஐந்தாம் மாடியைத் தாண்டுகிற இடத்தில் அவ்வளவு பெரிய மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, விளக்கு அணைந்து, இருட்டில் அந்தப் பெண்ணின் கண் மட்டும் தெரிகிறதே, அதைப் பார்த்துவிட்டு "ஐயோ" என்றார். உரக்க. உள்ளேயிருந்து டாக்டர் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார். ஜிம் மாஸ்டர் தானாக எழுந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "சரி டாக்டர், வாங்க. அதுவே போகுது, எனக்கென்ன" என்று போய் நாற்காலியில் படுத்தார். நான் வாயில் கையை வைத்தவள்தான், எடுக்கவில்லை.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊசி போட்டாயிற்று, குடைந்தாயிற்று, டாக்டர் விரலை உள்ளே விட்டு ஏதோ அழுத்திக்கொண்டிருக்கும்போது இவருக்கு அந்த லிஃப்ட் "ஜன்னல் வழியா கீழ தெரியுதா" என்று கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கப் போய் வாயை இறுக்கி மூடினார், டாக்டரின் விரல் உள்ளேயே இருந்தது. டாக்டர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் தங்களுக்கு வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு டாக்டர் வெளியே வந்து என்னை விசாரித்தார். "என்னம்மா நடக்குது இங்க? கொஞ்ச நாளா வர்றவனெல்லாம் வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு லிஃப்ட் லிஃப்ட்டுங்கறான், நம்ம கட்டடத்துல லிஃப்ட்டே இல்லையே?" என்றார். உண்மையைச் சொன்னேன். வைஃபையைத் தவிர. எல்லாப் பிரதிகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன், என் டிபன் பாக்ஸைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டார். மேஜையில் உன் இரண்டு பாகமும், பக்கத்தில் சிவப்புப் பேனா. இரண்டையும் படித்திருக்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பில்லை. "உங்க பொண்ணுதானே வரைஞ்சது? இந்தப் பொம்பளைக்கு மேல் வரிசையில பல்லு ஜாஸ்தி. இந்தப் பக்கத்துல ஒரு எண்ணிக்கை, அந்தப் பக்கத்துல ஒரு எண்ணிக்கை. லிஃப்ட் பேசலாம், அது அவங்க இஷ்டம். பல்லு அப்படி இருக்காது" என்றார். ஒவ்வொரு சிரிப்பிலும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். கதை எப்படி என்று கேட்டேன். "எனக்குப் பல்லைத் தவிர எதுவும் கண்ல படல" என்று சொல்லிவிட்டு, நான் கதவுவரை போனதும், "அந்த இருட்டுல அவ வாய் மூடியிருக்கு, அது ஒண்ணுதான் கரெக்டா இருக்கு. அப்புறம் என்ன ஆகுது?" என்றார். புத்தகங்கள் மேஜைக்குத் திரும்பிவிட்டன. ஆனால் விரல் ஆறும்வரை யாரையும் சிரிப்பு வருகிற பக்கத்தில் கூப்பிடக் கூடாது, சோகமான பக்கத்தில்தான் கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

இதற்கு நடுவில் உன் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கையைப் பற்றிக் குறை சொல்ல நான் ஆளில்லை, சொல்ல ஆரம்பித்தால் காகிதம் போதாது. செட் பல் தளர்ந்துவிட்டது என்று வந்தவள், அறை முழுக்க ஆட்கள் லிஃப்ட்டும் கையுமாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, பெருமையாக, "பார்த்தீங்களா அண்ணி, இப்படியெல்லாம் ஆகும்னுதான் நான் அப்பவே கம்ப்யூட்டர்ல ஒரு குறை எழுதி வெச்சேன். எல்லாரும் ஆஹா ஓஹோன்னா புள்ளைக்குக் கண்ணு பட்டுடாதா?" என்றாள். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. என்ன எழுதினாய் என்று கேட்டேன். "சுமார். இன்னும் நல்லா வரைஞ்சிருக்கலாம். காது பெரிசா இருக்கு" என்று ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். பெயர் போட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று "ஒரு வாசகி" என்று போட்டாளாம். வாண்டு, நீ மாசக்கணக்கில் யாரோ பெரிய விமர்சகி என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பயந்து மூன்றாம் பாகத்தில் ஒரு கோடு போடாமல் இருந்தாயே, அந்த விமர்சகி உன் அத்தை. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் மூக்கு சப்பை, காது பெரிசு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கொஞ்சுவாள். நீ பிறந்தபோதும் உன் காதைத்தான் சொன்னாள். ஆஹா ஓஹோ என்று சொல்ல அங்கே வேறு ஆளே இல்லையேடி, உன் குறை மட்டும் தனியாக நின்று அந்தப் பெண்ணை எப்படிப் படுத்திவிட்டது தெரியுமா என்று சண்டைக்குப் போனேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன், மத்தவங்க எல்லாம் நல்லபடியா எழுதுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். செட் பல் இல்லாமல் அழுதாள், பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இருக்கட்டும். அதற்குக் கீழே இப்போது கூட்டம் சேர்ந்திருக்கிறது.

நீ கடைப் பக்கம் எட்டிப் பார்த்தே நாளாகிறது என்று எனக்குத் தெரியும், அங்கே வந்து கிடக்கிற கேள்விகளுக்குப் பதிலே இல்லை. போய்ப் பார். காசு வரவில்லை என்று நீ சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன், இவ்வளவு பேரை வைத்து ஷாம்பு வேலையை விடு என்றெல்லாம் நான் சொல்லவில்லை, பல்வலிக்காரர்களை நம்பி யாராவது வேலையை விடுவார்களா? ஆனால் யாருமே படிக்கவில்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. ஜிம் மாஸ்டர் எழுதியிருப்பார், தேடு, எழுத்துப் பிழையோடு இருக்கும். மரத்த வாயோடு உட்கார்ந்திருந்தபோது என்னிடம் அவர் சொன்னதை உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்க என்றார். "நான் பயந்தாங்கொள்ளின்னு என் வீட்லகூட யாருக்கும் தெரியாதும்மா. முப்பது பேரு முன்னாடி நின்னு பயப்படாதே, தூக்கு, தூக்குன்னு கத்தற ஆளு நான். அந்த லிஃப்ட்டை வரைஞ்சவங்களுக்கு எப்படி என்னைத் தெரிஞ்சுது?" என்றார். நான் வழக்கம்போல ஏதாவது நையாண்டி செய்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயடைத்து உட்கார்ந்திருந்தேன், அதுவும் வாய்க்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில்.

இனி நிலவரம் இது. அவர் பல்லில் வேலை பாதியில் நிற்கிறது. குடைந்த குழியில் தற்காலிகமாகச் சிமெண்ட் வைத்து அடைத்து அனுப்பியிருக்கிறது, கடைசித் தடவை வந்து முழுசாக முடித்துக்கொண்டு போக வேண்டும். ஜிம் மாஸ்டர் வர மாட்டேன் என்கிறார். லிஃப்ட் அந்த இருட்டிலிருந்து மேலே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தால்தான் நாற்காலியில் படுப்பாராம், அதுவரை படுக்க மாட்டாராம். டாக்டர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்ததும் மிரட்டுவதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் என்னிடம் வந்து, "இந்தச் சிமெண்ட் மாசக் கடைசிக்கு மேல தாங்காது. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, லிஃப்ட் மேல போகுதோ கீழ வருதோ எனக்கு அக்கறையில்ல, சீக்கிரம் எங்கயாவது போய்ச் சேரணும்" என்றார். நீ கடையை மூடுகிறேன் என்று சொன்ன அதே மாசக் கடைசி. ஒரே நாளில் நீ கடைக் கதவை அடைப்பாய், இங்கே அவர் பல் திறந்துகொள்ளும். வலி வந்தால் முழு முகமும் வீங்கும், முப்பது பேருக்கு உடற்பயிற்சி கிடையாது, அந்த முப்பதில், முதுகுக்காக நான் காலை வகுப்பில் சேர்த்துவிட்ட உன் அப்பாவும் ஒருவர். யோசித்துக்கொள்.

முழுப் பாகமும் வேண்டாம். எத்தனை பக்கம் முடிகிறதோ அத்தனை வரை. அதைக் கடையின் முகப்பிலேயே விரித்துப் போடு, எல்லோரும் இலவசமாகப் பார்க்கட்டும். பாதியில் நிறுத்தினால் பரவாயில்லை, எங்கே நிறுத்துவது என்பதில் உன்னைவிட எனக்கு அனுபவம் அதிகம், கேள், சொல்கிறேன். அந்நியமாதலை எடுத்துவிட்டு லிஃப்ட்டைப் போடு. சாம்பல் எழுத்தை வெளுத்துவிடு. பிறந்த தேதி கேட்காதே, பெண்கள் பொய் சொல்லிப் பாவத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். எழுதினவர்களுக்கு இரண்டு வரி பதில் போடு, அத்தைக்கும் போடு, காது அப்படித்தான் இருக்கும் என்று போடு. பல்லை எண்ணி வரை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது, ஆனால் எண்ணாதே. அந்தப் பெண் சிரித்தால் அவ்வளவு பல்லும் தெரிகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வெறும் வயிற்றில் வரையாதே. குனிந்து குனிந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, இந்தக் குடும்பத்துக்கு ஒரு முதுகுவலி போதும்.

நீ கையிலெடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், கை வலிக்காமல் கோடு வரட்டும், உன் லிஃப்ட்டுக்கும் உனக்கும் பயம் தெளியட்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம். அப்பாவிடம் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், "விரிச்சுக் காட்டு" என்றார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவளுக்கு என்ன ஆகிறது என்று என்னிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதே, நான் தலைகீழாக நின்று கெஞ்சினாலும் சொல்லாதே. தெரிந்தால் ஜிம் மாஸ்டரைப் பார்த்த உடனே வாசலில் வைத்தே கொட்டிவிடுவேன், அப்புறம் அந்த மனுஷன் நாற்காலிக்கு வரவே மாட்டார். டாக்டரிடம் இருக்கிற சிமெண்ட் எதுவும் என் வாயை அடைக்கப் போதாது.

இப்படிக்கு,
அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா